கூரைக்கடியில் பிறந்த இறுதி ஆட்டம்

1932 டிசம்பர் 11. பனி மூடிய ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் சிகாகோ பேர்ஸ் அணி கிரீன் பே பேக்கர்ஸ் அணியை 9-0 என்று வென்றது. அத்துடன் அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் பட்டத்துக்கு மோதிய அணிகளின் ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆனால் பட்டம் யாருக்கு என்பது முடிவாகவில்லை. பேர்ஸுக்கு ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஆறு டிரா. ஓஹியோ மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸுக்கு ஆறு வெற்றி, ஒரு தோல்வி, நான்கு டிரா. லீக்கின் விதிப்படி டிரா கணக்கில் சேராது. வென்றது எத்தனை, தோற்றது எத்தனை என்று மட்டும்தான் பார்ப்பார்கள். இரண்டு அணிக்கும் ஏழுக்கு ஆறு. அந்த சீசனில் இவை இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், அவையும் 13-13, 7-7 என்று டிராவில் முடிந்திருந்தன.

இன்று அமெரிக்கா முழுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சி முன் உட்கார்ந்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் பார்க்கிறது. அதன் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடிப் போனால் இந்தத் தீராத கணக்கில் வந்து நிற்கும். லீக்குக்கு ஓர் இறுதி ஆட்டம் வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போடவில்லை. கணக்கு கைவிட்டது, வானமும் கைவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு கூரைக்கடியில் ஆடிய ஆட்டம் அது. அந்த ஓர் இரவு ஆட்டம் ஒரு விளையாட்டின் அடிப்படை விதிகளையே மாற்றிவிட்டது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

1920ல் தொடங்கிய அந்த லீக் பன்னிரண்டு சீசன்களை இறுதிப் போட்டி இல்லாமலேயே நடத்தியது. வெற்றிச் சதவீதத்தில் முதலில் நிற்பவர் சாம்பியன். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரோடு, எப்போது, எங்கே ஆடுவது என்பதை அணி உரிமையாளர்களே பெரும்பாலும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். அதனால் பட்டம் பற்றிய சண்டை அடிக்கடி வந்தது. 1925ல் பென்சில்வேனியாவின் சுரங்க ஊரான பாட்ஸ்வில்லின் மெரூன்ஸ் அணிக்கும் சிகாகோ கார்டினல்ஸுக்கும் இடையே எழுந்த வழக்கை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

போர்ட்ஸ்மவுத்துக்கும் அப்படி ஒரு காயம் உண்டு. 1931ல் பேக்கர்ஸ் 12 வெற்றி, 2 தோல்வி. ஸ்பார்ட்டன்ஸ் 11 வெற்றி, 3 தோல்வி. கடைசியாகப் போர்ட்ஸ்மவுத்தில் ஓர் ஆட்டம் ஆடுவதாகப் பேச்சு இருந்தது. அதில் ஸ்பார்ட்டன்ஸ் ஜெயித்தால் இரண்டும் சமமாகிவிடும். பேக்கர்ஸ் வர மறுத்தது. உறுதி செய்யப்பட்ட ஆட்டம் அல்ல, பேச்சளவில் இருந்ததுதான் என்று லீக் தலைவர் ஜோ கார் சொல்லிவிட்டார். பேக்கர்ஸுக்குத் தொடர்ந்து மூன்றாவது பட்டம். ஓஹியோ ஆற்றங்கரையில் செருப்புத் தொழிற்சாலைகளையும் எஃகு ஆலையையும் நம்பி வாழ்ந்த ஒரு சின்ன ஊர், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற ஊர், தன் அணியின் மேல் வைத்திருந்த ஆசை அப்படிக் கலைந்தது.

அந்தக் கோபத்தை அடுத்த வருடம் டிசம்பர் 4ஆம் தேதி தீர்த்துக்கொண்டார்கள். போர்ட்ஸ்மவுத்துக்கு வந்த பேக்கர்ஸை 19-0 என்று அடித்தார்கள். பயிற்சியாளர் பாட்ஸி கிளார்க் அன்று முழு ஆட்டத்துக்கும் ஒரே 11 பேரை மட்டுமே இறக்கினார். ஒருவரைக்கூட மாற்றவில்லை. இன்றுபோல் தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம் என்று பிரியாத காலம் அது. இருந்தாலும் ஒரு மாற்று ஆள்கூட இல்லாமல் சாம்பியனை வீழ்த்துவது அன்றைக்கும் அரிய செயல்தான். ஊர் அந்த ஆட்டத்துக்கு இரும்பு மனிதர்கள் ஆட்டம் என்று பெயர் வைத்தது.

இந்த இடத்தில் பேக்கர்ஸுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். 1932ல் அவர்கள் 10 ஆட்டம் வென்றார்கள், 3 தோற்றார்கள், ஒன்று டிரா. டிராவை அரை வெற்றியாகக் கணக்கிடும் முறை 1972ல்தான் வந்தது. அந்த முறையில் பார்த்தால் பேக்கர்ஸுக்கு 75 சதவீதம், ஸ்பார்ட்டன்ஸுக்கு சுமார் 73, பேர்ஸுக்கு 69. அதாவது நான்காவது பட்டமும் கிரீன் பேக்கே போயிருக்கும். கூடுதல் ஆட்டத்துக்குத் தேவையே இருந்திருக்காது. பேர்ஸைவிட நான்கு ஆட்டம் அதிகம் ஜெயித்த அணி பட்டப் போட்டியிலேயே இல்லை என்பது என் கண்ணுக்கு அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தில்தான் நம் கதை பிறக்கிறது.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இது பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம். ஒரு பக்கம் 11 பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று. டச் டவுன் கைகூடாதபோது தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. சொந்த எல்லைக்குள்ளேயே ஓர் அணி பந்தோடு மடங்கிவிட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி, அது சேஃப்டி.

1932ல் இந்த ஆட்டம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. பேர்ஸ் அந்த சீசனில் ஆடிய முதல் மூன்று ஆட்டமும் 0-0. நான்காவதில் ஒரு சேஃப்டியில் 0-2 என்று தோற்றார்கள். நான்கு ஆட்டங்கள் ஆடி ஒரு புள்ளிகூட எடுக்காத அணிதான் கடைசியில் பட்டத்துக்கு வந்து நின்றது. திறமைக் குறைவு காரணமல்ல. லீக்குக்கென்று தனியாக விதிகள் இல்லை, கல்லூரி ஆட்டத்தின் விதிகளையே அப்படியே பின்பற்றினார்கள். அந்த விதிகளில் மூன்று தடுப்புகள் இருந்தன. பந்தை முன்னோக்கி எறிபவர், முயற்சி தொடங்கும் இடமான ஆட்டக் கோட்டிலிருந்து குறைந்தது ஐந்து கெஜம் பின்னால் நின்றுதான் எறிய வேண்டும். பந்து ஓரக்கோட்டை ஒட்டி நின்றுவிட்டால் அடுத்த முயற்சியையும் அந்த மூலையிலிருந்தே தொடங்க வேண்டும், ஒரு பக்கம் ஓட இடமே இருக்காது. பந்தை நடுவுக்குக் கொண்டுவரவே ஒரு முயற்சி வீணாகும். கோல் கம்பங்களோ எல்லைக்கோட்டுக்குப் பத்து கெஜம் பின்னால் இருந்தன, ஃபீல்டு கோல் அடிப்பது பெரும்பாடு. ஆக, எறியவும் தயக்கம், ஓடவும் இடமில்லை, உதைக்கவும் தூரம்.

பட்டத்துக்கு ஒரு கூடுதல் ஆட்டம் ஆடலாம் என்று இரண்டு அணிகளும் ஒத்துக்கொண்டன. ஜோ கார் சம்மதித்தார். தேதி டிசம்பர் 18, ஞாயிறு. இடம் ரிக்லி ஃபீல்டு. ஆனால் அந்த வாரம் சிகாகோவைப் பனியும் கடுங்குளிரும் பிடித்துக்கொண்டன. பேர்ஸின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸுக்கு அது சாதாரணக் கவலை இல்லை. அந்த வருடம் அவருக்கு 18,000 டாலர் நஷ்டம். சில ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். உறைபனியில் திறந்த மைதானத்தில் ஆடினால் பார்க்க யார் வருவார்?

ஹாலஸ் சிகாகோ ஸ்டேடியத்தை நினைத்தார். பெயர்தான் ஸ்டேடியம், உண்மையில் அது 1929ல் திறந்த கூரையுள்ள அரங்கம். ஐஸ் ஹாக்கிக்கும் குத்துச்சண்டைக்கும் பேர்போனது. அதே 1932 கோடையில் அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் தேசிய மாநாட்டை அங்கேதான் நடத்தின. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேட்பாளராக மேடையேறிப் பேசியதும் அதே கூரைக்கடியில்தான். பேர்ஸுக்கும் அந்த இடம் புதிதல்ல. 1930 டிசம்பரில் வேலையில்லாதோர் நிவாரணத்துக்காகக் கார்டினல்ஸோடு அங்கே ஒரு காட்சி ஆட்டம் ஆடி 9-7 என்று வென்றிருந்தார்கள். உள்ளே ஆட முடியும் என்பது ஹாலஸுக்குத் தெரியும்.

(உள்ளரங்கக் கால்பந்துக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1902 டிசம்பரிலேயே நியூயார்க்கின் பழைய மாடிசன் ஸ்கொயர் கார்டனில் தொழில்முறை அணிகளைக் கூட்டி ஒரு போட்டித் தொடர் நடத்தினார்கள். சிரக்யூஸ் அணி கோப்பை வென்றது. அடுத்த வருடமும் நடந்தது, அப்புறம் நின்றுபோனது. அதிலிருந்து எதுவும் முளைக்கவில்லை. சிகாகோவில் முளைத்தது.)

அரங்கின் தரை சிமென்ட். ஆனால் அதிர்ஷ்டவசமாக, சற்று முன்புதான் இரட்சண்ய சேனைக்காக அங்கே ஒரு சர்க்கஸ் நடந்திருந்தது. மிருகங்களுக்காகக் கொட்டிய மண்ணும் மரப்பட்டைத் தூளும் பல அங்குல ஆழத்துக்கு இன்னும் கிடந்தன. விழுந்தால் எலும்பு முறியாது. ஆனால் அந்த மண்ணில் மிருகங்கள் விட்டுப்போனதும் கலந்து கிடந்தது. மூடிய அரங்கில், ஆயிரக்கணக்கான மனிதர்களின் சூட்டில், அந்த வாடை எப்படி எழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முகத்தை அதில் புதைத்தபடி விழுந்து எழுந்தவர்கள் குமட்டலோடுதான் ஆடினார்கள்.

இடப் பற்றாக்குறை இன்னும் பெரிய சிக்கல். நூறு கெஜ மைதானத்துக்கு அங்கே இடமில்லை. எண்பது கெஜம்தான் கிடைத்தது, அகலமும் குறைவு. ஓரக்கோட்டை ஒட்டியே ஹாக்கித் திடலைச் சுற்றிய பலகைச் சுவர். ஓரமாக ஓடுகிறவர் எல்லையைத் தாண்டிக் கால் வைக்க வழியில்லை, நேரே சுவரில் மோத வேண்டியதுதான். எனவே அந்த இரவுக்கு மட்டும் என்று சில ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டார்கள். நீளக் குறைவை ஈடுகட்ட, ஓர் அணி நடுக்கோட்டைத் தாண்டியதும் இருபது கெஜம் பின்னால் கொண்டுபோய் வைப்பது. சுவரில் மோதி யாரும் சாகாமல் இருக்க, பந்து ஓரத்தில் முடியும்போதெல்லாம் அதைப் பத்து கெஜம் உள்ளே கொண்டுவந்து அங்கிருந்து அடுத்த முயற்சியைத் தொடங்குவது.

இந்த இரண்டாவது ஏற்பாடுதான் முக்கியம். உயிருக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. ஆனால் ஆடத் தொடங்கியதும் என்ன தெரிந்தது? பந்து உள்ளே வந்ததால் ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு பக்கமும் ஓட இடம் கிடைத்தது. மூலையிலிருந்து மீளவே ஒரு முயற்சியைப் பலி கொடுக்க வேண்டிய தேவை போயிற்று. பரந்த மைதானத்தில் இத்தனை வருடமாக யாருக்கும் உறைக்காத குறை, சுவர் நெருக்கிய ஒரு குறுகிய அரங்கில் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

ஸ்பார்ட்டன்ஸ் அன்று குறைப்பட்ட அணியாகத்தான் வந்தது. லீக்கிலேயே அந்த வருடம் அதிகப் புள்ளி எடுத்த ஏர்ல் கிளார்க் வரவில்லை. டட்ச் கிளார்க் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கொலராடோ கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலை அவருக்கு இருந்தது. கால்பந்து சீசன் முடிந்தது என்ற கணக்கில் அங்கே போக வேண்டியவராகிவிட்டார். ஒரு பட்ட ஆட்டத்தைவிட கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சி நிச்சயமான சோறு போட்ட காலம் அது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் கிளென் பிரெஸ்னெல் ஆடினார். அவரும் நல்ல ஆட்டக்காரரே. ஆனாலும் டட்ச் கிளார்க் அந்த மண்ணில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி போர்ட்ஸ்மவுத்தை விட்டுப் போகவே இல்லை.

எதிர்ப்பக்கம் பேர்ஸிடம் இரண்டு பெரும் பெயர்கள். ஒருவர் ரெட் கிரேஞ்ச். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆடியபோதே நாடறிந்தவர். 1925ல் அவர் பேர்ஸில் சேர்ந்த பிறகுதான் தொழில்முறை ஆட்டத்துக்கு மரியாதையே வந்தது எனலாம். முழங்கால் காயம் அவருடைய பழைய வேகத்தைத் தின்றிருந்தது. மற்றவர் பிராங்கோ நகுர்ஸ்கி. கனடாவில் பிறந்து மினசோட்டாவின் எல்லையோர ஊரில் வளர்ந்தவர். பந்தை நெஞ்சோடு அணைத்துக் குனிந்து ஓடி வந்தால், நிறுத்த இரண்டு மூன்று பேர் வேண்டும். பயிற்சியாளர் ரால்ப் ஜோன்ஸ்.

11,198 பேர் வந்தார்கள். பொருளாதார மந்தத்தின் அடியாழத்தில், உறைந்த நகரத்தில், காசு கொடுத்து வந்த கூட்டம்.

மூன்று கால் பகுதிகள் முடிந்தும் 0-0. அந்த வருடத்தின் வியாதி அங்கேயும் தொடர்வதுபோல் இருந்தது. நான்காவது பகுதியில் ஸ்பார்ட்டன்ஸின் ஏஸ் குடோவ்ஸ்கி எறிந்த பந்தை பேர்ஸின் டிக் நெஸ்பிட் குறுக்கே பாய்ந்து பிடித்தார். ஓடி, ஸ்பார்ட்டன்ஸின் ஏழு கெஜக் கோட்டருகே வெளியே தள்ளப்பட்டார். அங்கிருந்து பந்து நகுர்ஸ்கியிடம். எல்லோரும் எதிர்பார்த்தபடியே அவர் மனிதச் சுவரில் போய் முட்டினார். மறுபடி முட்டினார். எல்லைக்கோட்டுக்கு இரண்டு கெஜம் இருக்கையில் நான்காவது முயற்சி வந்துவிட்டது. இதுதான் கடைசி. விட்டால் பந்து எதிரணிக்கு.

நகுர்ஸ்கி மறுபடி பந்தை வாங்கினார். மறுபடி கோட்டை நோக்கி வந்தார். ஸ்பார்ட்டன்ஸ் அத்தனை பேரும் அவர்மேல் குவிந்தார்கள். அவர் சட்டென்று நின்று, பின்வாங்கி, எம்பிக் குதித்துப் பந்தை எறிந்தார். எல்லைக்கு அப்பால் கிரேஞ்ச். அவரைக் கவனிக்க யாருமில்லை. பிடித்துவிட்டார்.

பாட்ஸி கிளார்க் கொதித்தெழுந்தார். நகுர்ஸ்கி ஐந்து கெஜம் பின்னால் நிற்கவில்லை, அந்த எறிதல் செல்லாது என்றார். நடுவர் ஏற்கவில்லை, டச் டவுன் நின்றது. எனக்கு பாட்ஸி கிளார்க் பக்கம் நியாயம் இருந்திருக்கும் என்றே படுகிறது. கோட்டுக்குள் பாய்வதுபோல் நம்பும்படி வந்து, அங்கிருந்து ஐந்து முழு கெஜம் பின்வாங்கி, அதற்குள் யாரும் சுதாரிக்காமல் எறிந்துவிட முடியுமா? நம்பக் கடினம். ஆனால் நகுர்ஸ்கி செய்தது அழகு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செல்லாது என்று சொல்ல வைத்த விதியில்தான் கோளாறு.

அதன் பிறகு டச் டவுனுக்கான கூடுதல் புள்ளியும் வந்தது. கடைசியில் ஸ்பார்ட்டன்ஸ் தங்கள் எல்லைக்குள்ளிருந்து பந்தை உதைத்துத் தள்ள முனைந்தபோது பந்து கைநழுவி வெளியே போனது. சேஃப்டி, பேர்ஸுக்கு இன்னும் இரண்டு. 9-0. முந்தைய வாரம் பனியில் பேக்கர்ஸை வென்ற அதே எண்கள்.

இந்த ஆட்டத்தை லீக் தனி இறுதிப் போட்டியாகப் பதிவு செய்யவில்லை. சாதாரண சீசன் ஆட்டமாகவே வரிசைப் பட்டியலில் சேர்த்தது. விளைவு, ஏழு வெற்றியோடு பேர்ஸ் சாம்பியன். ஸ்பார்ட்டன்ஸுக்கு இரண்டாவது தோல்வி ஏறியதால் சதவீதம் சரிந்து, பேக்கர்ஸுக்கும் கீழே மூன்றாம் இடத்துக்குப் போனது. முதலிடத்துக்கான ஆட்டத்தை ஆடித் தோற்ற அணிக்கு இரண்டாம் இடம்கூட இல்லை. ஆட ஒத்துக்கொள்ளாமல் வீட்டில் இருந்திருந்தால் கூட்டுச் சாம்பியன் என்றாவது வாதாடியிருக்கலாம். அவர்கள் வந்து ஆடினார்கள். இந்தக் கதையில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

இரண்டு மாதம் கழித்து, 1933 பிப்ரவரி 25ஆம் தேதி, பிட்ஸ்பர்க் நகரில் உரிமையாளர்கள் கூடினார்கள். ஹாலஸோடு சேர்ந்து பேசியவர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல். சலவைத் தொழிலில் சம்பாதித்தவர். முந்தைய வருடம்தான் பாஸ்டன் அணியோடு லீக்குக்குள் வந்திருந்தார். ஆட்டம் என்பது முதலில் காட்சி, பார்க்க வருகிறவன் சலிப்போடு போகக்கூடாது என்பது அவர் கட்சி. (பின்னாளில் கறுப்பின வீரர்களைத் தன் அணியில் சேர்க்காமல் பல வருடம் அடம்பிடித்தவரும் இவரே. அதை மறந்து அவரைப் புகழ முடியாது.) கல்லூரி விதிகளிலிருந்து லீக் அன்று பிரிந்தது. ஆட்டக் கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் பந்தை எறியலாம். ஓரத்தில் முடிந்த பந்தைப் பத்து கெஜம் உள்ளே கொண்டுவந்து வைக்கலாம், அதைக் காட்ட மைதானத்தில் சின்னக் கோடுகள் போடலாம். கோல் கம்பங்கள் எல்லைக்கோட்டுக்கே வரும்.

மூன்று தடுப்புகளையும் ஒரே கூட்டத்தில் எடுத்தெறிந்தார்கள். முதல் இரண்டும் நேரே சிகாகோ ஸ்டேடியத்தின் மண்ணிலிருந்து வந்தவை. நகுர்ஸ்கியின் எறிதல் செல்லுமா என்று விவாதித்து நேரம் கழிப்பதைவிட, எல்லோருக்கும் அதை அனுமதித்துவிட்டார்கள். சுவருக்குப் பயந்து செய்த ஏற்பாடு, சுவரே இல்லாத மைதானங்களுக்கும் விதியாயிற்று. அந்தச் சின்னக் கோடுகள், இடம் மாறி மைதானத்தின் நடுவை நெருங்கிவிட்டாலும், இன்றும் ஒவ்வொரு கால்பந்து மைதானத்திலும் இருக்கின்றன. பார்ப்பவர் பலருக்கு அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரியாது.

ஜூலை 8ஆம் தேதி சிகாகோவில் இன்னொரு கூட்டம். பதினோராயிரம் பேர் காசு கொடுத்து வந்ததை உரிமையாளர்கள் மறக்கவில்லை. சதவீதக் கணக்கில் பட்டம் முடிவாகும்போது, பின்தங்கிய அணிகளின் ஊர்களில் சீசன் பாதியிலேயே ஆர்வம் வற்றிவிடும். கடைசியில் ஓர் ஆட்டம் இருக்கிறது என்றால் எல்லா ஊரும் கடைசிவரை நம்பிக்கையோடு இருக்கும். மார்ஷல் முன்மொழிந்தார்: பத்து அணிகளைக் கிழக்கு, மேற்கு என்று ஐந்தைந்தாகப் பிரிப்போம். இரண்டு பிரிவுகளிலும் முதலில் வருபவர்கள் டிசம்பரில் மோதட்டும். அந்த ஆட்டத்தில் ஜெயிப்பவரே சாம்பியன். அவசரத்துக்கு ஒருமுறை செய்தது வருடாந்திர வழக்கமானது அப்படித்தான்.

முதல் அதிகாரபூர்வ இறுதி ஆட்டம் 1933 டிசம்பர் 17 அன்று நடந்தது. கூரைக்கடியில் அல்ல, ரிக்லி ஃபீல்டின் திறந்த வானத்தின் கீழ். சுமார் 26,000 பேர் முன்னிலையில் பேர்ஸும் நியூயார்க் ஜயண்ட்ஸும் மோதின. முந்தைய வருடம் மூன்று பகுதிகளுக்குப் புள்ளியே இல்லாமல் கிடந்த ஆட்டமா இது என்று கேட்கும்படி, முன்னிலை ஆறு முறை கைமாறியது. பேர்ஸின் ஜேக் மேண்டர்ஸ் மூன்று ஃபீல்டு கோல் அடித்தார், கம்பங்கள் முன்னால் வந்ததன் பலன் அது. கடைசி நிமிடங்களில் ஜயண்ட்ஸ் 21-16 என்று முந்தி நின்றது. நகுர்ஸ்கி கோட்டை நோக்கிப் பாய்வதுபோல் வந்தார், எம்பிக் குதித்தார், எறிந்தார். பில் ஹெவிட் பிடித்து, தன்மேல் ஆட்கள் விழுமுன் பந்தைப் பக்கத்தில் ஓடி வந்த பில் காருக்குத் தட்டிவிட்டார். கார் எல்லைக்குள் ஓடினார். 23-21.

இந்த முறை யாரும் நடுவரிடம் ஓடவில்லை. பேர்ஸின் இரண்டு டச் டவுனும் நகுர்ஸ்கியின் எறிதலில் தொடங்கியவை, மிச்சத்தில் பெரும்பகுதி மேண்டர்ஸின் கால். பத்து மாதம் முன்பு பிட்ஸ்பர்க்கில் செய்த மாற்றங்களை அன்றைய ஸ்கோர் பலகையிலேயே படிக்க முடிந்தது. ஆட்டத்தின் கடைசி முயற்சியில் ஜயண்ட்ஸின் ரெட் பாட்க்ரோ பந்தோடு ஓடி வந்தார், பக்கத்தில் பந்தை வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக ஓடினார். எதிரே நின்ற ஒரே ஆள் கிரேஞ்ச். காலைப் பிடித்திருந்தால் பாட்க்ரோ பந்தைத் தட்டிவிட்டிருப்பார். கிரேஞ்ச் அவரை நெஞ்சோடு, கையையும் பந்தையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துத் தரையில் சாய்த்தார். வேகம் போனாலும் அறிவு போகவில்லை. ஜெயித்த ஒவ்வொருவருக்கும் 210 டாலர் 34 சென்ட் கிடைத்தது.

அதற்குப் பிறகு இறுதி ஆட்டம் நடக்காத வருடமே இல்லை. 1967 ஜனவரியில் இரண்டு போட்டி லீக்குகளின் சாம்பியன்கள் மோதத் தொடங்கியபோது அது சூப்பர் பௌல் ஆனது. ஆனால் பட்ட ஆட்டம் மீண்டும் கூரைக்கடியில் வர 1978 ஜனவரி வரை ஆயிற்று. நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோமில் டல்லஸ் கௌபாய்ஸ் டென்வரை 27-10 என்று வென்றது. இடையில் 45 வருடம்.

குறுகிய அரங்கையே தன் இயல்பாக எடுத்துக்கொண்ட ஆட்டமும் பின்னர் வந்தது. 1981 பிப்ரவரியில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர், கையிலிருந்த காகித உறைமேல் ஐம்பது கெஜக் கால்பந்துத் திடலை வரைந்தார். ஒரு பக்கம் எட்டு பேர், சுற்றிலும் மெத்தை வைத்த பலகைச் சுவர், கோல் கம்பத்தின் இரு பக்கமும் வலை, வலையில் பட்டுத் திரும்பும் பந்தையும் பிடித்து ஆடலாம். அரினா கால்பந்து என்ற அந்த லீக்கின் முதல் இறுதி ஆட்டம், அரினா பௌல், 1987 ஆகஸ்ட் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்தது. டென்வர் டைனமைட் 45, பிட்ஸ்பர்க் கிளாடியேட்டர்ஸ் 16. சிகாகோவில் ஹாலஸும் பாட்ஸி கிளார்க்கும் எந்தச் சுவரைச் சமாளிக்கத் திணறினார்களோ, அந்தச் சுவரை ஃபாஸ்டர் ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்.

போர்ட்ஸ்மவுத் அணியின் கதை அந்த இரவோடு முடியவில்லை. சின்ன ஊரால் தொழில்முறை அணியின் செலவைத் தாங்க முடியவில்லை. 1934ல் டெட்ராய்ட்டில் வானொலி நிலையம் வைத்திருந்த ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் அணியை வாங்கித் தன் நகரத்துக்கு அழைத்துப் போனார். டெட்ராய்ட் லயன்ஸ் என்று புதுப் பெயர். ஆட்கள் பலரும் பழையவர்களே. பயிற்சியாளர் பாட்ஸி கிளார்க், உடன் பிரெஸ்னெல், குடோவ்ஸ்கி. டட்ச் கிளார்க்கும் திரும்பி வந்தார். 1935ல் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். டிசம்பர் 15ஆம் தேதி டெட்ராய்ட்டில் இறுதி ஆட்டம், எதிரே நியூயார்க் ஜயண்ட்ஸ். முதல் டச் டவுனை அடித்தவர் குடோவ்ஸ்கி. மூன்று வருடம் முன்பு நெஸ்பிட்டின் கையில் பந்தை எறிந்தவர். அடுத்ததை டட்ச் கிளார்க் சுமார் நாற்பது கெஜம் ஓடி எடுத்தார். லயன்ஸ் 26, ஜயண்ட்ஸ் 7.